ரோஜாவா, ராகியா?

ஜீவனஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்குத் தேன்மொழியின் வணக்கம். உன் முட்டிவலி தைலத்துக்கு அடங்குகிறதா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி பலருடைய முதலீட்டில் மாலூர் பக்கம் நிலம் வாங்கி ராகி பயிரிடப்போவதாகச் சொன்னேனே, போன வாரம் பணம் போட்டவர்களுக்கான கூட்டம். பெரிய பங்கு போட்ட ஒருவர் எழுந்து, "ராகி எதுக்கும்மா? ரோஜா போடுங்க, லாபம் மூணு மடங்கு" என்றார். கணக்குப் போட்டவளே நான்தான். அவர் சொன்னது உண்மை. தலையைக் குனிந்துகொண்டேன்.

என் மேலதிகாரி ஸ்வர்ணா மேடம் குனியவில்லை. "லாபம் வரும் சார், ஒத்துக்கறேன். ஆனா லாக்டவுன்ல கடை கடையா எதைத் தேடி அலைஞ்சீங்க? பூவையா, அரிசியையா? ஜனங்க சாப்பிடறதுக்குன்னு சொல்லித்தான் இந்த நிலத்தை வாங்கினோம். பூதான் வேணும்னா என்னை மாத்திட்டுப் போடுங்க."

இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். கவலைப்படாதே, போகவில்லை. அந்த முதலீட்டாளர் கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, ராகியே போடுங்க. முதல் மூட்டை என் வீட்டுக்கு" என்றார். அம்மா, அப்படிப்பட்ட மேடத்திடம் வேலை பார்க்கிறேன்!

ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு அளவே வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. பரணில் இருக்கும் சின்ன குக்கரை யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சீக்கிரம் வைத்துவிடாதே.

கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்று விதைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் நிலத்தில் இறங்க வேண்டுமாம், மேடம் சொல்லிவிட்டார்.

உன் மகள்,
தேன்மொழி