கழிக்க மனம் வராத ஃப்ரேம்

அன்பு மகள் ஃபஸீலாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே ராஜபாளையத்தில் சுகம். நீ ஆஸ்திரேலியாவில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று அம்மா நம்புகிறாள், நான் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரிக்கு மேல் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மலையில் நல்ல மழை, அய்யனார் கோவில் அருவியில் குளிக்க விடவில்லையாம். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ தவிர வேலை இல்லை, நீயும் உன் கூட்டாளிகளும் பாலைவனத்தில் எடுத்து, ஆளாளுக்கு அடுக்கிப் பார்க்கட்டும் என்று வானம் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட கேலக்ஸி படங்களோடுதான் என் பொழுது போகிறது. ஒரே இடத்தை எடுத்த முன்னூறு ஃப்ரேம், அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. கல்யாணப் பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கிப் பழகிய கையல்லவா, முதலில் நடுவை ஒரேயடியாக வெளுத்துவிட்டேன், பிறகு குறைத்து, குறுக்கே ஓடும் கருப்புத் தூசிப் பட்டையெல்லாம் தெரியும்படி கொண்டுவந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, இத எடுத்த புள்ள எங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கம்ப்யூட்டர் கழித்து ஒதுக்கிய ஃப்ரேம்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு, அதில் ஒரு நிழல். லென்ஸில் பனி இறங்கியதென்று துடைக்கப் போனபோது நீ நெற்றியில் கட்டியிருந்த சிவப்பு லைட் பட்டுக் கெட்டுப்போனதாகப் போனில் சொன்னாயே, அதுதான். அந்த நிழல் உன் கை. மனசு கேட்கவில்லை, அதையும் சேர்த்து, முன்னூறில் அது கரைந்துபோகாதபடி அதற்கு மட்டும் எடையைக் கூட்டி அடுக்கிக் குழுவில் போட்டுவிட்டேன். எல்லோர் படமும் சுத்தமாக இருக்க, என் படத்தின் ஓரம் மட்டும் சிவந்து கிடந்தது. குழுவைப் பார்த்துக்கொள்ளும் சௌந்தரபாண்டியன் மரியாதையாக, "அண்ணாச்சி, ஒரு ஃப்ரேம் கெட்டிருக்கு, தூக்கிருங்க" என்றார். நீயோ, "என்னத்தா இது, மானத்த வாங்குதீங்க, முன்னூறுல ஒண்ணு போனா ஒண்ணும் கொறயாது" என்று பொரிந்துவிட்டாய். உனக்குக் குறையாதுதான். எனக்கு அத்தனையிலும் நீ இருந்தது அது ஒன்றில்தான்.

கோபம் இல்லையம்மா, உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான். நோன்புப் பெருநாளுக்கு வா என்றால், அப்போதுதான் நிலா இல்லாத ராத்திரி, லீவு போட்டுப் பாலைவனம் போகணும் என்கிறாய். பிறை பார்த்துத்தானே பெருநாள், எந்த வருஷமும் அது உன் இருட்டு ராத்திரிகளை ஒட்டித்தான் வரும், இப்படியே மூன்று பெருநாள் போய்விட்டது. மலையடியில் இருட்டாகக் கிடக்கும் செண்பகத்தோப்புப் பக்கம் ராத்திரியில் ஃபாரஸ்ட்காரர்கள் விடுவதாக இருந்தால் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வா என்றிருப்பேன். உன் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "பவுர்ணமிக்கு அவளுக்கு வானத்துல சோலி கெடையாதுல்லா, அப்ப வரச் சொல்லுங்க. நம்ம வீட்டுப் பெருநாள அன்னிக்கு வச்சுக்கிடுவோம்."

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தருவானாக. பனியில் தலைக்குத் துணி கட்டிக்கொள். உனக்கு எடுத்த பெருநாள் துணியை அம்மா இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை, பிள்ளையின் அளவு தெரியவில்லை என்கிறாள். எந்தப் பவுர்ணமி என்று மட்டும் எழுது.

உன் அத்தா,
அப்துல் ரஹ்மான்