இலையில் செய்த வெள்ளி

நாள் 112, 07:10
நிலவின் தென்முனை நிலையம். இருப்பது நான் ஒருத்தி: பெனிட்டா அமலோற்பவம், நுண்ணுயிரியல். குடிநீர்க் குழாய்களுக்குள் பாக்டீரியா வழுவழுவென்று படிந்திருக்கிறது. செடிப்பெட்டியில் வளர்த்த கீழாநெல்லியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்த்தேன். நாற்பது நிமிடத்தில் பழுப்பு நிறம். வெள்ளி நானோ துகள் உருவாகிவிட்டது.

நாள் 114, 09:30
சோதனைத் தட்டில் துகள் வைத்த இடத்தைச் சுற்றி 15 மில்லிமீட்டருக்கு பாக்டீரியா இல்லை. பூமியிலிருக்கும் இயக்குநர் சௌந்தரபாண்டியனுக்குப் படம் அனுப்பினேன். கூடவே எச்சரித்தேன்: குழாய்த் தண்ணீர் கடைசியில் பாசித் தொட்டிக்குத்தான் போகிறது. நான் சுவாசிக்கும் ஆக்சிஜனைத் தருவது அந்தப் பாசி. அதன்மேல் சோதித்துப் பார்க்க ஆறு நாள் வேண்டும்.
பதில்: "என்னம்மா நீ, இலையில செஞ்சதுதானே? அது பாசிய என்ன பண்ணிடப்போவுது? நாளன்னைக்கு மந்திரி பேசுறாரு. அதுக்குள்ள குழாய் சுத்தமா இருக்கணும்."
இருநூறு ஆய்வுக் கட்டுரைகளில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவர். அவற்றில் ஒன்றையாவது படித்திருக்கலாம். அரளிக்கும் இலை உண்டு.

நாள் 115, 11:05
மறுத்தேன். கரைசல் குழாயோடு இணைந்த மருந்துக் கலனில் இருந்தது. வால்வை மூடி வைத்திருந்தேன். 10:52-க்கு இயக்குநர் பூமியிலிருந்தே திறந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கையால் மூடுவதற்குள் நாலு லிட்டர் இறங்கிவிட்டது.

நாள் 117, 08:00
பாசி வெளுத்துவிட்டது. தொட்டியில் ஒரு குமிழி இல்லை. உருளைகளில் ஒன்பது நாளுக்கு ஆக்சிஜன். மீட்புக் கலம் வரப் பதினாறு நாள். கணக்கை மூன்று முறை போட்டேன். அது யார் அவசரத்துக்கும் மாறவில்லை.
குழாய்கள் பளிச்சென்று இருக்கின்றன. மந்திரி பாராட்டினாராம்.

நாள் 121, 15:40
"பெனிட்டா, நடந்தது நடந்துபோச்சு. வால்வத் தொறந்தது நீதான்னு ஒரு வரி எழுதி அனுப்பிடு. இங்க பதிவையெல்லாம் சரி பண்ணியாச்சு. உங்க அம்மாவ நான் பாத்துக்கிறேன்."
அம்மாவை அவர் பார்த்துக்கொள்வாராம். ஒரு பாசித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்.
இதுவரை எழுதிய எல்லாவற்றையும் காகிதத்தில் நகலெடுத்துவிட்டேன். காகிதத்தை அங்கிருந்து அவரால் திருத்த முடியாது.

நாள் 126, 13:20
கடைசி உருளை. விரல் நுனி நீலம். எழுத்து கோணுகிறது.
அடுத்து வருகிறவர்களுக்கு: இந்தத் தண்ணீரைப் பாசியில் விடாதீர்கள். புதுப் பாசி கொண்டுவாருங்கள்.
அவர் கேட்ட ஒரு வரியை அனுப்பிவிட்டேன். வால்வைத் திறந்தவர்: சௌந்தரபாண்டியன், 10:52. அவருக்கு மட்டுமல்ல, விண்ணில் சுற்றும் எல்லா நிலையங்களுக்கும்.

13:41
"என்ன காரியம் பண்ணிட்ட நீ? உடனே வாபஸ் வாங்கு. பெனிட்டா, கேக்குதா? பதில் சொல்லு."
கேட்கிறது. பதில் சொல்ல ஒரு மூச்சு செலவாகும். அவருக்கு அது அதிக