பாரம் தொங்கும்போது யாரும் பேசக்கூடாது

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதை மனசில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்க வேண்டும். போனில் உன் அம்மா அழுத அழுகையில் உனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும், மீதியை நான் சொல்கிறேன்.

எங்கள் கப்பல் பட்டறையில் கிரேனுக்குக் கை காட்டுவது நான்தான் என்று உனக்குத் தெரியும், என் கை அசையாமல் அங்கே ஒரு ஆணிகூட நகராது. மேஸ்திரி கொரியாக்காரர், அவர் 'நே' என்றால் ஆமாம். கிரேன் ஓட்டுகிறவர் செர்பியாக்காரர், அவருக்கு 'நே' என்றால் இல்லை. பெயின்டர் ஜப்பான்காரர், எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'நே' போட்டு, அப்படித்தானே என்று நம் முகத்தைப் பார்ப்பார். எனக்கு ஒன்பது பாஷை தெரியும், நான் எட்டாவதோடு நின்றது படிப்புக்குத்தான் நஷ்டம், ஆனால் அந்த ஒரு எழுத்தை நம்பி நான்கூடத் தலைமேல் இரும்பு தொங்கவிட மாட்டேன். அதனால்தான் பாரம் தொங்கும்போது யார் வாய்க்கும் மதிப்பில்லை, என் கை மட்டும்தான் பேச்சு என்று சட்டம். அதைப் போட்டதே நான்தான், மேஸ்திரி சும்மா தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை இரும்புத் தகட்டுக் கட்டு இறங்கும்போது ஒரு பக்கத்துச் சங்கிலி நழுவி, கட்டு சாய்ந்து, கீழே வேலையில் நின்ற உன் அப்பாவின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. தூக்குடா, தூக்கச் சொல்லுடா என்று அவர் அலறினார். பட்டறை முழுக்க ஆளுக்கொரு பாஷையில் கத்தல், அதில் பத்து 'நே' கேட்டிருக்கும். நான் மட்டும் நிறுத்து என்று கையை விரித்தபடி நின்றேன். ஏனென்றால் தூக்கினால் மறு சங்கிலியும் நழுவும், மொத்தக் கட்டும் அவர் மேல்தான். வெல்டர் ஏறி இன்னொரு சங்கிலி மாட்டும் வரை நின்றேன் குட்டிம்மா, என் கூடப் பிறந்தவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். மாட்டிய பிறகுதான் தூக்கு என்று விரலைக் காட்டினேன். எல்லாம் முடிந்தும் கை கீழே இறங்கவில்லை, ஐந்து பேர் சேர்ந்து இறக்கினார்கள் என்றால் நம்பு.

உங்கண்ணன் அப்படிக் கத்துறாரு, நீ மரம் மாதிரி நின்னியாமே என்று உன் அம்மா கேட்டதோடு சரி, அதற்கப்புறம் என்னைத் தம்பி என்றுகூடக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் இன்று காலையில்தான் அப்பா வாய் திறந்தார். நான் சொன்ன உடனே தூக்கியிருந்தா என்னடா ஆயிருக்கும் என்றார். நீங்க கேக்குறதுக்கு இருந்திருக்க மாட்டீங்கண்ணே என்றேன். அப்புறம், குட்டிம்மாவுக்கு நீயே எழுதிடு, வர வேணாம்னு சொல்லு, இப்பத்தான் புது வேலைல சேர்ந்திருக்கா என்றார்.

திங்கட்கிழமை காலில் போட்ட கட்டைப் பிரிப்பார்கள். விரலில் உணர்ச்சி இருந்தால் கால் தங்கும், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா வராதே என்று சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். நீ வா. உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார இப்போது ஆள் இல்லை, நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்.

நீ நூறு வயது நிறைவாய் வாழ வேண்டும். மறக்காமல் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், ஆஸ்பத்திரி வராந்தாவில் குளிர் அதிகம்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கையை இறக்காத
உன் சித்தப்பா