உன் கறுப்பு மட்கார்டு

நான்கு நாளாக என் வீட்டு வாசலில் கறுப்பு பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. எங்கள் போடி ஊரில் வெயில் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. என் மகன் புது ஜீப் வாங்கி நிறுத்தியிருக்கிறான். உடம்பெல்லாம் வெள்ளை. நான்கு சக்கரத்துக்கு மேலேயும் பெயிண்டே படாத கறுப்பு பிளாஸ்டிக் மட்கார்டு. காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குப் பாதியில் பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "மலை ரோட்டுக்கு இதாம்ப்பா சரி. கல்லு பட்டாலும் கீறல் தெரியாது. பெயிண்டு அடிச்ச மட்கார்டெல்லாம் டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு" என்றான்.

உனக்கும் எனக்கும் இடையில் இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டிருந்த மட்கார்டு வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, மாப்ளே. நீ ஜெயித்துவிட்டாய். இதைக் கேட்க நீ இல்லை என்பது எனக்கு வருத்தம். இருந்திருந்தால் அது இன்னும் பெரிய வருத்தமாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரே ஏலத்தில் ஆளுக்கொரு பழைய மிலிட்டரி ஜீப் எடுத்தோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு வண்டிகள். ஒரே மாதத்தில் அவற்றை அடையாளம் தெரியாமல் ஆக்கினோம். நான் என் வண்டிக்குக் கிளிப்பச்சை அடித்து, மட்கார்டுக்கு மட்டும் சந்தன நிறம் கொடுத்தேன். தினமும் காலையில் துணியால் துடைத்தால் முகம் தெரியும். நீ ஒரு லாரி டியூபை அறுத்து விரித்து, இரண்டு முன் மட்கார்டின் மேலும் போர்த்தி, ஓரத்தில் போல்ட் வைத்து முறுக்கினாய். பார்ப்பதற்கு எருமை மாட்டின் முதுகு போல இருந்தது. அப்படித்தான் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதுதான் முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது.

அந்த ஜீப்புகளின் மட்கார்டு தட்டையானது. காய் எடுக்க ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் உள்ளே இடமில்லாமல் அதில்தான் உட்காருவார்கள். என் மட்கார்டில் ஓவியரை வைத்து 'உட்காராதீர்கள்' என்று எழுதினேன். அன்றைய போடியில் பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்த பலகைகள் மிகச் சில. அவற்றில் என் மட்கார்டும் ஒன்று. நீ அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "வண்டி எடுத்திருக்கியா, வீட்டுக்கு மருமக எடுத்திருக்கியா? ஒருத்தரையும் தொட விடமாட்டேங்குற" என்றாய்.

உன் இடது மட்கார்டு பேச்சியக்காவின் இடம். பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் தலைவி. மலை மேல் இருக்கும் மேட்டுக்குப் போகும் ரோட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் டிரைவருக்கு இடது பக்க ரோட்டோரம் தெரியாது. மட்கார்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பேச்சியக்கா ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பானட்டில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நில். மலையில் எல்லா ஜீப்பும் அப்படித்தான் ஓடின, என்னுடையதைத் தவிர. என் மட்கார்டு காலியாகவும் பளபளப்பாகவும் இருந்ததால், பனியில் நான் தலையை வெளியே நீட்டி நத்தை மாதிரி ஊர்வேன். நீ எனக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தோட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பாய். நான் வந்து சேர்ந்ததும் எனக்கும் ஒரு டீ சொல்லுவாய். அந்த டீயை நான் ஒருநாளும் ருசித்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் தோட்ட முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு ஜீப் வேண்டாம், சீசன் முழுக்க ஒரே வண்டி போதும், எது என்று சனிக்கிழமை சொல்கிறேன் என்றார். இந்தச் சவாரி கைவிட்டுப் போனால், கடன் கட்ட முடியாமல் எனக்கு வண்டியும் போய்விடும். உனக்கும் அப்படித்தான். ஆனால் உன் கணக்கில் இருந்த பன்னிரண்டு பெண்கள் என் கணக்கில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாளைக்கு நாம எறங்கி வரும்போது மலையடியில முந்தல்ல நின்னு மொதலாளி வண்டியப் பாக்குறாரு. இந்தக் கறுப்பு மட்கார்டப் பாத்தா எழவு வண்டின்னு நெனைப்பாரு மாப்ளே" என்றேன். நான் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிறவன் என்பதால் என் பேச்சுக்கு உன்னிடம் ஒரு மரியாதை இருந்தது. முகம் வாடிவிட்டது உனக்கு. என்னிடம் மிச்சமிருந்த சந்தன பெயிண்ட் டப்பாவை நானே கொடுத்தேன். அடுத்து சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே நான் யோசித்துச் சொன்ன வாக்கியம். "இங்க அடிச்சா புழுதி ஒட்டும். நாளைக்கு மேல போயி, அவங்க காய் எடுக்குற நேரத்துல அடி. காத்து சுத்தமா இருக்கும்."

ஐப்பசிப் பனியில், மேட்டுக்கு மேலே, எந்த எனாமல் பெயிண்டும் அன்றைக்கு அன்றே காயாது.

சனிக்கிழமை நீ டியூபைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தாய். நான் என் வண்டியில் சாய்ந்தபடி புத்தகம் விரித்துவைத்து நீ அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி விரல் வைத்துப் பார்த்தாள். விரலோடு பெயிண்ட் வந்தது. எல்லோரும் உன் வண்டிக்குள்ளே நெருக்கி ஏறிக்கொண்டார்கள். மட்கார்டு இரண்டும் காலி. என் மட்கார்டைப் போலவே.

நீ முன்னால், நான் பின்னால். மூன்றாவது வளைவு தாண்டியதும் பனி கொட்டியது. உன் பின்விளக்கு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது ரோட்டின் நடுவிலிருந்து இடது பக்கமாக, மெதுவாக, நகர்ந்துகொண்டே போனது. அங்கே தடுப்புச் சுவர் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்கக் கை போனது. அடித்தேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. உன் விளக்கு நின்றது. பெண்கள் கத்துவது கேட்டது. நான் இறங்கி ஓடி வந்தேன். உன் இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாய். பேச்சியக்கா இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்தாள். புதுச் சேலை இல்லைதான், ஆனாலும் நல்ல சேலை. அந்தச் சேலையோடே ஈரப் பெயிண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, "எடுப்பா வண்டிய. ஒழுங்கா கையப் பாத்து ஓட்டு" என்று பானட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

முந்தல் வரை அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டே உன் பின்னால் வந்தேன். நீங்கள் பிழைத்தீர்களே என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைத்தேன், அது ஒரு வளைவு வரைக்கும் இருந்தது. மிச்சமிருந்த வளைவுகள் எல்லாம் வேறு நினைப்பு: உனக்காக ஒருத்தி ஈரப் பெயிண்டில் உட்காருகிறாள், எனக்காக யாரும் காய்ந்த பெயிண்டில்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார விட்டதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

முந்தலில் முதலாளி மட்கார்டைப் பார்க்கவே இல்லை. பேச்சியக்கா இறங்கித் திரும்பியபோது சேலையின் பின்பக்கம் பூராவும் சந்தன நிறம். ஏன் இதில் உட்கார்ந்தாய் என்று கேட்டார். "வேற என்ன செய்ய மொதலாளி? பன்னெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்ல" என்றாள். சீசன் உனக்குப் போனது.

மறுநாள் நீ மண்ணெண்ணெய் ஊற்றிப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் வந்து நின்றேன். நிமிராமலே கேட்டாய்.

"ஏன் மாப்ளே, பனியில பெயிண்டு காயாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"அப்ப சரி" என்றாய். பழைய டியூபைத் திரும்ப மாட்டாமல், புதுசாக ஒரு டியூப் அறுத்து, உன் வண்டிக்குப் போக மீதியை என்னிடம் நீட்டினாய். "நீயும் போர்த்திக்க. பேச்சியக்கா தங்கச்சி ஒருத்தி இருக்கா, நல்லா தட்டுவா." வாங்கிக்கொண்டேன், போர்த்தவில்லை. அடுத்த வருஷம் என் வண்டி விலைபோனது. வாங்கியவர் மட்கார்டு பெயிண்டைப் பார்த்து, வண்டி ஓடவே இல்லையா என்று சந்தேகப்பட்டார்.

போன வருஷம் நீ போனாய். உன்னைத் தூக்கிப் போகும்போது ஸ்டாண்டிலிருந்த ஜீப் அத்தனையும் பின்னால் வந்தன. எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் மனசு கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்கு அதில் பாதி வருமா என்று மகனிடம் கேட்டேன். அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா என்றான். வரும் என்று சொல்லவில்லை.

நேற்று மகன் என்னைப் புது ஜீப்பில் மேட்டுக்குக் கூட்டிப் போனான். அவனுடைய மட்கார்டை நன்றாகப் பார்த்துவிட்டேன். உன் கறுப்புதான், ஆனால் வளைவாகச் செய்திருக்கிறார்கள். ஒரு குருவிகூட அதில் உட்கார முடியாது. நிறத்தில் நீ ஜெயித்தாய், உட்காராதீர்கள் என்பதில் நான். இதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு ஆள் இல்லை.

இறங்கும்போது மூன்றாவது வளைவுக்கு மேலே பனி வந்துவிட்டது. நான் இடது சீட்டில் இருந்தேன். என்னை அறியாமல் கண்ணாடியை இறக்கி, ஓரத்தைப் பார்த்து, கதவின் வெளிப்பக்கம் இரண்டு தட்டு தட்டினேன். மகன் சட்டென்று நிறுத்தினான்.

"என்னப்பா, என்ன தெரியுது?"

உன் டியூபின் அந்த மீதி இத்தனை வருஷமும் என் பீரோவுக்கு அடியில் கிடந்தது. நேற்று அதைத்தான் சீட்டில் விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். ஓரம் அது பாட்டுக்கு அதே இடத்தில் இருந்தது. ஒன்றுமில்லை, போ என்று அவனிடம் சொன்னேன்.

அன்றைக்குப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டே நீ கேட்டாயே, அதற்குப் பதில்: தெரியும், மாப்ளே. டப்பாவைக் கொடுக்கும்போதே தெரியும்.