செல்லியின் வருகை

2025 பிப்ரவரி 17, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு இன்று பார்ட்டிசிப்பிள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று முழித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். விழுகிற இலை, ஃபாலிங் லீஃப். விழுந்த இலை, ஃபாலன் லீஃப். வினைச்சொல்தான்; பெயருக்கு முன்னால் வந்து அது எப்படிப்பட்டது என்று சொல்கிறது. நடந்துகொண்டிருந்தால் ஒரு வடிவம், முடிந்துவிட்டால் இன்னொன்று. "நம்ப பெயரெச்சம் மாதிரிங்களா டீச்சர்?" என்றாள் நதியா. அப்பாடா! ஆளுக்கு ஐந்து எழுதச் சொன்னேன்.

புளி உலுக்கும் பருவம். வீட்டுக்குப் போன செல்லி இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை. பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, வருகைப் பதிவேட்டில் வந்ததாகவே குறித்தேன். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களாம். "போட்டு வைம்மா, வந்துடுவாங்க" என்பார் தலைமையாசிரியர் சக்கரவர்த்தி சார்.

பிப்ரவரி 18

பிள்ளைகள் இருபத்திரண்டு. நோட்டு இருபத்து மூன்று. அடியில் செல்லியுடையது, உள்ளே நேற்றைய வீட்டுப்பாடம்! ஷேக்கிங் பிராஞ்ச். ஃபாலிங் கேர்ள். யார் செய்த குறும்பு? கத்தித் தீர்த்தேன்.

பிப்ரவரி 19

மறுபடியும். ஃப்ளோயிங் வாட்டர். புரோக்கன் லெக். காலிங் கேர்ள். 'ஆர்' எழுத்தைத் திருப்பிப் போடுவது அவள் மட்டும்தான். தாள் ஈரமாக இருந்தது. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

செல்லியின் அப்பா ராஜாக்கண்ணு, எனக்குப் புளி எடுத்துக்கொண்டு வந்தார். "பாப்பாவ கூப்டுங்க டீச்சரம்மா, பாத்துட்டு போறேன்."

"உங்க கூடத்தானே இருக்கா?"

"இன்னாங்க சொல்றீங்க? ஞாயித்துக்கெழமையே அனுப்ட்டனே! மறுநாளு சாருக்குப் போன் போட்டேன். அட்டண்டன்ஸ் நோட்டப் பாத்துட்டு, வந்துட்டான்னாரு."

என் பேனா. என் கையெழுத்து. ஐயோ, நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்!

செல்லியின் வீட்டுப்பாட நோட்டில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஓடுகிற தண்ணீர். ஒடிந்த கால். கூப்பிடுகிற பெண் – கூப்பிடுகிற, இன்னும் முடியவில்லை. "ஓடப் பள்ளம்" என்று அவர் ஓடத் தொடங்கினார்.

இருந்தாள். வழியில் புளியமரம் ஏறி, பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். உயிர் இருக்கிறது. பைக்குள் அவளுடைய இங்கிலீஷ் நோட்டு. அதில் பார்ட்டிசிப்பிள் பாடமே இல்லை. திரும்பி வந்து மேசையில் இருந்த நோட்டுகளை எண்ணினேன். இருபத்திரண்டு.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்டேன். செல்லி சிரித்தாள். "தெனம் காலைல பேர் கூப்டீங்களே, கேட்டுச்சு டீச்சர். ஒவ்வொரு வாட்டியும் உள்ளேன் டீச்சர்னு கத்தினேன். ஒங்களுக்குத்தான் கேக்கல."

பிப்ரவரி 24

செல்லி பெயருக்கு நேரே இன்று வரவில்லை என்று எழுதினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.