நாற்காலியும் யோகாதான்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும், அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் போனில் என்னிடம் கேட்டாயே, "இத்தனை வகை யோகா இருக்கேம்மா, உங்க ரெண்டு பேருக்கும் எது சரிப்படும்?" என்று. பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். தபால் நிலையத்து மாடியில் மூன்று வகுப்பு நடக்கிறது, ஒன்று ஓயாமல் குனிந்து நிமிர்ந்து வியர்த்துக் கொட்டுவது, ஒன்று பெல்ட்டும் தலையணையும் வைத்துக்கொண்டு ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பது, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து செய்வது. அப்பாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம், தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் நாற்காலி வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்றேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்றாய். காதில் வாங்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

அங்கே அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா. காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர், இருக்கையை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். முதல் நாளே ஸ்பேனரோடு வந்து கூடத்து நாற்காலிகளையெல்லாம் முடுக்கிவிட்டார். சொல்லிக்கொடுக்கும் பெண் முன்பு நர்ஸாக இருந்தவள், அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றவர்களை உட்கார விடுவாள். எல்லாரும் செல்லமாக நாற்காலி மாமா என்றார்கள். அதை அவர் உன்னிடம் பெருமையாகச் சொல்ல, நீ என்ன சொன்னாய்? "நாற்காலியில உக்காந்து பண்றதெல்லாம் ஒரு யோகாவாப்பா? அதெல்லாம் அம்மாவுக்கு. நீங்க கிரேன் ஓட்டின ஆளு." பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு உன் சிரிப்பும் கேட்டது. போதாததற்கு உன் ஆபீஸில் எல்லாரும் செய்கிறார்கள் என்று ஒரு வீடியோ வகுப்புக்கு வேறு அவரைச் சேர்த்துவிட்டாய்.

மறுநாளிலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை. முட்டி வலி என்றார், நானும் நம்பித் தொலைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தால், காலண்டருக்குப் பக்கத்தில் இரண்டு பாதம். எதிரே நீ சேர்த்துவிட்ட வீடியோ ஓட, சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்கிறார், முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. கத்தினால் விழுந்துவிடப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிலையிலும் சொல்கிறார், "ஒரு போட்டோ எடு, பையனுக்கு அனுப்பணும்." இறங்கி உட்கார்ந்த பிறகு பல்பைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது என்றார். டாக்டரிடம் ஓடினோம். அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணில் முன்பே போன ஓரப் பார்வை இனித் திரும்பாது, வலது கண்ணையாவது காப்பாற்ற விடுங்கள் என்று என்னைத்தான் திட்டினார். அந்தத் திட்டு உனக்கு வரவேண்டியது, பத்திரமாக இதோ அனுப்பிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையை நான் முன் பெஞ்சில் உட்காரவைப்பேன். அது தண்டனையா? அவனைச் சின்ன வகுப்புக்கு இறக்கிவிட்டேன் என்று அர்த்தமா? பாடம் அதேதான், உட்காரும் இடம்தான் வேறு. எந்த யோகா பெரியது, எது சின்னது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க அது பந்தயமில்லையடா, செய்கிறவர் உடம்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உனக்கு வியர்த்துக் கொட்டுவது ஒத்துவந்தால் செய், யார் வேண்டாம் என்றது? அவருக்கு அதை நீ தேர்ந்தெடுக்க, அவர் கண் என்ன உன் கண்ணா?

இப்போது தலைகீழாகவும் நிற்பதில்லை, நாற்காலிக்கும் வருவதில்லை. ஜன்னலோரம் கழுத்து இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறார். வாருங்கள் என்றால், பையன் சிரிப்பான் என்கிறார். நானும் டாக்டரும் வகுப்பு நடத்தும் பெண்ணும் சொல்லிப் பார்த்தாயிற்று. நீ போட்ட முடிச்சு, நீதான் அவிழ்க்க வேண்டும்.

நீ நூறு வயது நல்ல பார்வையோடு இரு, அதைக் கோபத்தோடேயே சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே. இதைப் படித்து முடித்ததும் ஒரு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மெல்லத் தூக்கு, விட்டுக்கொண்டே இறக்கு, தோள் கெஞ்சும்வரை செய். பிறகு அதே கையால் போனை எடுத்து, நாற்காலி யோகா செய்து தோள் வலிக்கிறது என்று அப்பாவிடம் சொல்.

இப்படிக்கு,
அம்மா