கவிழ்க்காத டம்ளர்

கொல்கத்தா,
பிப்ரவரி 8.

அன்புள்ள மருமகள் சாய்பிரியாவுக்கு,

மாமா சொக்கலிங்கம் எழுதுவது. உன் விலாசத்தை உன் அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். "எழுதுறதுன்னா எழுது, உன் புளுகு மூட்டையை மட்டும் அவகிட்ட அவிழ்க்காதே" என்றாள் அன்னபூரணி அக்கா. ஆகவே முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்: இதில் நான் சொல்லப்போவதை நீ இருக்கும் ஆக்லாந்தில் மட்டுமல்ல, அகில உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நிச்சயம் நம்பமாட்டாய். அதன் காரணம் நம் இருவருக்கும் தெரியும்.

முதலில் செய்தி. மார்ச் முப்பத்தொன்றோடு நம் பள்ளியின் ஹாஸ்டலை மூடுகிறார்கள். பகல் பள்ளி நடக்கும். நூற்று நாற்பது பேர் தங்கிப் படித்த இடத்தில் இப்போது பதினேழு பேர்தான். நீ ஏழு வருடம் சாப்பிட்ட கூடம் கம்ப்யூட்டர் அறை ஆகப்போகிறது. செயலாளர் பாலசுப்ரமணியன் வந்து, "சார், பள்ளிக்கூடத்தோட வரலாறு, வழக்கம் எல்லாம் உங்க வாயிலதான் இருக்கு. பத்துப் பக்கம் எழுதிக் குடுங்க, மலர்ல போட்டுரலாம்" என்றார். முப்பத்திரண்டு வருடம் வார்டனாக இருந்து, மாடிப்படி ஏறி ஏறி முழங்காலைத் தேய்த்தவனுக்கு இதுதான் கடைசி வேலை. மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன், பேனா ஓடவில்லை. உனக்கு எழுதினால் ஓடும் என்று தோன்றியது.

வரலாறு இதுதான். கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த லக்ஷ்மிநாராயணனும் அவர் மனைவி கோமதியம்மாளும் தொடங்கிய பள்ளி. பையன்களும் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கோமதியம்மாள் அறிவித்த அன்று, ஹூக்ளி நதி அதிர்ச்சியில் பின்னோக்கி ஓடியது. கடல் ஏற்றத்தில் அது தினமும்தான் அப்படி ஓடுகிறது என்று சொல்லும் அறிவாளிகளை நம்பாதே. "பையன்களைத் தனியே உட்காரவைத்தால் அரசாங்க மானியம் தருவோம்" என்று ஒரு துரை எழுதினான். அம்மாள் அந்தக் கடிதத்தையே பொட்டலமாக மடித்து, சூடான சுண்டல் வைத்துத் திருப்பி அனுப்பினார். துரை சுண்டலைத் தின்றுவிட்டு வேலையை ராஜினாமா செய்தான். அன்றுமுதல் நாம் எவரிடமும் கை நீட்டாத சுதந்திரப் பள்ளி.

சரஸ்வதி பூஜை உனக்கே தெரியும். புத்தகங்களைத் தேவியின் காலடியில் வைத்துவிட்டு, ஒரே அண்டாவில் பாதிப் பேர் பொங்கல் என்றும் பாதிப் பேர் வங்காளத்துக் கிச்சுரி என்றும் சண்டை போட்டுக்கொண்டு கிண்டும் வழக்கம். போன மாதமும் கிண்டினோம். பதினேழு பேருக்கு அண்டா எதற்கு? குக்கர் போதுமாக இருந்தது. சண்டை போடவும் ஆள் காணவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது டம்ளர் வழக்கம். சேருகிற அன்று பெயர் வெட்டிய டம்ளர் ஒன்று தருவோம். படிப்பு முடிந்து போகிற அன்று அதில் கடைசியாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அலமாரியில் கவிழ்த்து வைக்க வேண்டும். என்றைக்காவது திரும்பி வந்தால் அதை நிமிர்த்தி, டீ குடித்து, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். போன வருடம் எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவர் வந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பவும் சர்க்கரை கம்மி, இப்பவும் கம்மி" என்று சொல்லி அழுதார். அவர் கண்ணீரில் கரியாஹாட் வரை வெள்ளம்.

இதில் ஓர் உட்பிரிவு உண்டு. கவிழ்க்காமல் போனவர்கள் பள்ளியை விட்டுப் போனவர்கள் அல்ல. சற்றே வெளியே போயிருப்பவர்கள். அவர்கள் டம்ளரில் தினமும் மத்தியானப் பந்தியின்போது தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். தவறினால் கூரை இடிந்து விழும். கோமதியம்மாளின் ஆணை.

அலமாரியில் இப்போது அறுபத்தொரு டம்ளர் கவிழ்ந்திருக்கின்றன. ஒன்று நிமிர்ந்திருக்கிறது. அது உன்னுடையது.

நீ ஏன் அதைக் கவிழ்க்கவில்லை என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டு தாள் பாக்கி. "அப்பா ஏன் மாமா போன்ல வரமாட்டேங்கறார்?" என்று கேட்டாய். அந்தமானுக்கு வேலையாகப் போனார், அங்கே ஒரு முதலை டெலிபோன் டவரையே விழுங்கிவிட்டது என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போது சென்னையில் உன் அப்பாவை, என் ஜெய்ராம் மச்சானை, சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பரீட்சை முடிந்து வாசலில் டாக்ஸியை நிறுத்திவைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். நீ அழவில்லை. "அப்ப முதலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கூடத்துப் பக்கமே போகாமல் டாக்ஸியில் ஏறிவிட்டாய். பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடுகிறேன். உன் படிப்புக்காகத்தான் மறைத்தேன் என்று ஊரெல்லாம் எனக்காகப் பேசியது. எனக்குத் தெரியும், அது அல்ல. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கதை வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் யாரும் வந்து எடுக்காத டம்ளர்கள் பழைய பாத்திரக்காரனுக்குப் போகும். "அந்த ஒண்ணையும் கவுத்துடுங்க சார், முடிஞ்சுது" என்றார் செயலாளர். மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்வதைக் கேட்டேன். இதில் என் கைக்கு உரிமை இல்லை. என் குவார்ட்டர்ஸையும் அன்றே காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ வா. என்னோடு பேச வேண்டாம். வருகிற நேரத்தைச் சொன்னால் நான் மாடியிலேயே இருந்துகொள்கிறேன். நம் கூடத்தில் பரிமாறும் மாதவி தீதி கதவைத் திறப்பாள். நீயே அதைக் கவிழ்த்து வை, இல்லை எடுத்துக்கொண்டு போ. எது செய்தாலும் சரி.

எந்த ஊரில் இருந்தாலும் தாகம் தெரியாமல் இரு, அம்மா.

இனி, ஒப்புக்கொள்ள வேண்டியது. நதி பொய். துரை பொய், சுண்டலும் பொய். நிமிர்ந்த டம்ளர் பற்றிய ஆணையும் கோமதியம்மாள் போட்டது அல்ல. நீ போன மறுநாள் நான் உண்டாக்கியது. மாதவி தீதி அன்றே கண்டுபிடித்துவிட்டாள், இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிஜம். இன்று மத்தியானமும் ஊற்றினேன்.

உன் மாமா,
சொக்கலிங்கம்